தோற்பதற்கென்றே ஒரு விரல்

“ஐயோ, அந்தக் குழாய் இல்லடா! பக்கத்துல வளைஞ்சு கிடக்கு பாரு, அதை எடுடா முட்டாப் பயலே!”

பிரேக் என்பவன் போட்ட கூச்சலில் தையல் கடை ஒரு குலுங்கு குலுங்கியது. துப்பறிய வந்த இடத்தில் ஒருத்தன் இப்படி அலறினால் கொலை விழுந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிரேக்கின் கைபேசியில் ஒரு ராஜா குளியல்தொட்டியோடு மூழ்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மேடம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக நின்ற பார்வை அது. பெஞ்சுக்கு அடியில் கால் கட்டைவிரலால் தட்டி விடை சொன்னவனைக்கூடப் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் நிலையம் திறந்து உட்கார்ந்துவிட்டார். பிரேக் அவருடைய ஒரே உதவியாளன். பதினோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து மிதித்து மிதித்து, இப்போது பஸ்ஸில் போனாலும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பெயர் அப்படி வந்ததுதான்.

“வேலை நேரத்துல விளையாட்டா?” என்றார் மேடம்.

“விளையாட்டு எங்க மேடம் விளையாட விட்டான்? ரெண்டு பழத்தை ஒண்ணு சேர்த்தேன், இந்த ராஜா விளம்பரம். மூணாவது பழத்தைத் தொட்டேன், விளம்பரம். மூடலாம்னு பார்த்தா எக்ஸ் கடுகு மாதிரி இருக்கு. அதை அமுக்கினா மூடாம, வேற எங்கேயோ இழுத்துட்டுப் போகுது. என் விரல் தடிமன்னு எனக்கே அவமானமாப் போச்சு.”

“ராஜா முழுகறாரா தம்பி?” மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் தையல்கார அக்கா. “எனக்கும் தினம் இந்த நேரத்துக்கு நாப்பது தடவை முழுகறாரு. நானும் அதே பழ விளையாட்டுதான். குழாயைத் தப்புத் தப்பா மாட்டுதே ஒரு விரல், அதுக்குச் சொந்தக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா கத்திரிக்கோலாலயே ஒரு வழி பண்ணிடுவேன்.”

வழக்கே இந்த அக்காவுடையதுதான். அவள் புருஷன் பிளம்பர். மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர், போனவர்தான். கைபேசியை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் திரும்பி வருவாரா, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அக்கா சரியாகத் தூங்கியே மூன்று மாதம் ஆகிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியிருந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

“அன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லுங்கம்மா” என்றார் மேடம்.

“என்னத்தைச் சொல்ல! பின்னாடி ரூம்ல பழைய குழாயை மாத்தறேன்னு கழட்டிப் போட்டாரு. வாஷர் வாங்கிட்டு வரேன்னு கிளம்பினாரு. நானும் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா கடை முழுக்கக் கணுக்காலுக்கு மேல தண்ணி! பள்ளிக்கூடத்துக்குத் தைச்சு வெச்ச வெள்ளைச் சட்டை நூத்தி இருபது தரையில மூட்டையாக் கிடந்தது. பக்கத்துலயே சிவப்புத் துணி உருளை. சாயம் விட்டு...”

“எல்லாம் ரோஸா?” என்றான் பிரேக்.

“எல்லாம் ரோஸ். ஒரு மாசம் அந்தப் பள்ளிக்கூடமே ரோஸ் சட்டையில நடந்தது. பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்கு மானம் போச்சு. பதினெட்டு வருஷமாக் குழாய் வேலை பார்க்கிற மனுஷன் வால்வை மூடாமப் போவாரா? கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேட்டேன். என் முகத்துலயே முழிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.” மெஷின் நின்றது. “நான் ஆயிரம் சொல்வேன். அவரு ஒரு தடவைகூடப் போனதில்லை. அன்னிக்குப் போயிட்டாரு.”

“அவர் பதில் ஒண்ணும் சொல்லலையா?”

“அவரா? அவரு ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு காலர் தைச்சிடுவேன். ‘நான் அன்னிக்கு...’ன்னு ஆரம்பிச்சாரு. சரி சரி, புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். எப்பவும் சொல்றதுதான்.”

“கடிதம், கிடிதம்?”

“முதல் வாரம் ஒண்ணு வந்தது. கோபத்துல பிரிக்காமலே நாலாக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். குப்பை வண்டி தெருமுனை தாண்டினதும் உட்கார்ந்து அழுதேன்.” அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டில் காலி. மேசைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்த சிவப்புச் சக்கரத்தைத் திருப்பி, குட்டிக் குழாயில் பாட்டிலை நிரப்பினாள். பிறகு சக்கரத்தை மூடினாள். சந்தேகப்பட்டு மறுபடி இறுக்கினாள். “கடை முழுக்கத் தண்ணிக்கு இந்த ஒரு வால்வுதான். முன்னெல்லாம் திறந்தேதான் கிடக்கும். இப்போ மூடியே வெச்சிருக்கேன்.”

மேடம் அந்தப் பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிரேக்குக்கு அந்தப் பார்வை தெரியும். பிட்டு அடித்தவன் எந்த வரிசை என்று தெரிந்துவிட்ட பார்வை. ஆனால் வாயைத் திறந்து சொன்னால் அது மேடம் இல்லையே.

“பிரேக், அந்த ராஜாவை மறுபடி போடு.”

“போடணும்னே வேண்டாம் மேடம். பழத்தைத் தொட்டாப் போதும், ஓடி வந்துடுவாரு.”

தொட்டான். வந்தார். குளியலறையில் ராஜா உட்கார்ந்திருக்க, தரையில் ஒன்பது குழாய்த் துண்டுகள். வெள்ளை உறை போட்ட ஒரு மனித விரல் திரைக்குள் நுழைந்து துண்டுகளை எடுத்து மாட்ட ஆரம்பித்தது.

“நீங்க எங்க பார்க்கறீங்க?” என்றார் மேடம் திடீரென்று.

பிரேக்கும் அக்காவும் திருதிருவென்று விழித்தார்கள். இரண்டு பேர் கண்ணும் திரையின் வலது மேல் மூலையில் இருந்தது.

“எக்ஸ் எப்ப வரும்னு” என்றாள் அக்கா. “யாரு விளம்பரத்தைப் பார்க்கறாங்க?”

“அதானே பார்த்தேன். இப்போ விரலை மட்டும் பாருங்க. ஒன்பது துண்டு, ஒன்பதும் தப்பு. தெரியாம எழுதறவன் குருட்டாம்போக்குல ரெண்டையாவது சரியா எழுதிடுவான். பத்துக்கு ஒரு மார்க்கும் வாங்காம எழுதணும்னா, பத்துக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். இவன் முட்டாள் இல்லை. குழாய் வேலையைக் கரைச்சுக் குடிச்சவன்.”

பிரேக் வாயைப் பிளந்தான். “அப்போ நான் மூணு நாளாத் திட்டினது ஒரு மேதையையா?”

“இன்னொண்ணும் பாரு. முதல்ல இருந்து.”

இன்னொரு பழம், இன்னொரு ராஜா. விரல் உள்ளே வந்தது. குழாயைத் தொடவில்லை. நேராக இடது கீழ் மூலைக்குப் போய், அங்கே இருந்த ஒரு குட்டிச் சிவப்புச் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி மூடியது. ஒரு முறை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை. அதற்கப்புறம்தான் குழாய்க்கு வந்தது.

அக்கா அப்படியே எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்து கடை முழுக்கப் பொத்தான் ஓடியது. “ரெண்டு தடவை திருப்புவாரு! கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாப் பார்க்கிறேன், ரெண்டு தடவை! மேடம், அது அவரு! உயிரோட இருக்காரு!” என்று சொல்லி, சிரித்து, அழுது, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பிரேக் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இது வேறயா! ராஜா மூச்சுக்குத் தவிக்கிறாரு, இந்த ராணியம்மா பாட்டுக்குக் கூஜாவோட வந்து தண்ணி பிடிச்சுட்டுப் போறா. என்ன குடும்பமோ!”

“பார்த்தியா?” என்றார் மேடம்.

“எதை மேடம்?”

“ஒண்ணுமில்லை. இந்த விளம்பரம் போடற கம்பெனி எங்கேன்னு கண்டுபிடி.”

சொல்வது சுலபம். பிரேக் விளம்பரத்தை அமுக்கி அந்த விளையாட்டையே இறக்கினான். திறந்து பார்த்தால் ராஜா இல்லை, குளியல்தொட்டி இல்லை, மருந்துக்கு ஒரு குழாய்கூட இல்லை. அலமாரியில் சோப்புக் கட்டிகளை நிறவாரியாக அடுக்கச் சொன்னது. “இது அநியாயம்! ராஜாவைக் காப்பாத்தலாம்னு ஆசை காட்டிட்டு சோப்பு அடுக்கச் சொல்றான்!” என்று கொதித்தான். முகவரி போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சிதான் இருந்தது.

“சத்தத்தைக் கூட்டு” என்றார் மேடம்.

டிங்கு டிங்கு என்று இசை. ராஜாவின் அலறல். அலறலுக்கு நடுவே, எங்கோ தூரத்தில், பீப் பீப் பீஈஈப்.

பிரேக்கின் வலது கால் படாரென்று தரையை மிதித்தது. “மேடம்! ரெண்டு குட்டை, ஒரு நெட்டை! டிரைவிங் டெஸ்ட் மைதானத்து இன்ஸ்பெக்டர் விசில்! ‘நீ ஃபெயில், வண்டியை விட்டு இறங்கு’ன்னு அர்த்தம். என் மாணவர்களுக்கு மட்டும் நானூறு தடவை ஊதியிருக்காரு!”

“அவ்வளவு பேரா ஃபெயில்?” என்றாள் அக்கா.

“நான் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தேன்க்கா. பிரேக்கை நானே மிதிச்சதால அவங்களுக்குப் பழக்கமில்லாமப் போச்சு.”

ஊரில் டெஸ்ட் மைதானம் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்தாற்போல் நின்றதும் ஒரே ஒரு மாடிக் கட்டடம். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளிச் செருப்புமாக அக்காவும் கூடவே வந்துவிட்டாள். அவளை வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை.

மூன்றாவது மாடிக் கண்ணாடிக் கதவில் ‘இலவசம்! உள்ளே வாருங்கள்!’ என்று எழுதியிருந்தது. வரவேற்பில் ஒரு பெண் சிரித்தாள். “அஞ்சு விநாடி காத்திருங்க.”

காத்திருந்தார்கள்.

“இப்போ?” என்றான் பிரேக்.

“இன்னும் ஒரே ஒரு அஞ்சு.”

மூன்றாவது அஞ்சில் பிரேக்குக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்துக் கதவில் பெரிதாக ஒரு எக்ஸ் குறி தெரிந்தது. எக்ஸைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? போய் அமுக்கினான். உள்ளே ஒரு அம்மாள் கேமராவுக்கு முன்னால் மாரில் அடித்துக்கொண்டு, “மூணாவது கட்டத்தைத் தாண்ட முடியலையே! என்னால முடியலையே!” என்று கதறிக்கொண்டிருந்தாள். பிரேக் பதறிப்போய்த் தண்ணீர் கொடுக்க ஓடினான்.

“யோவ், நடுவுல வராதய்யா” என்றாள் அந்த அம்மாள், கண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல். “மறுபடி முதல்ல இருந்து அழணும்.”

அந்தக் களேபரத்தில் மானேஜரே வெளியே வந்துவிட்டார். நல்ல சலவைச் சட்டை. அக்கா பார்த்தவுடன், “காலர் கோணல்” என்றாள்.

மேடம் கைபேசியை நீட்டினார். “இந்த விரல் எங்கே?”

மானேஜரின் முகத்தில் பெருமை பொங்கியது. “எங்க நட்சத்திரம் மேடம்! ஜெயிக்கிறதைக் காட்டினா ஜனங்க பார்த்துட்டுப் போயிடுவாங்க. தோற்கிறதைக் காட்டணும். அடச்சே, இதை நானே பண்ணிடுவேனேன்னு கோபம் வரணும். கோபத்துல இறக்கணும். அஞ்சு பேர் தோற்கறாங்க இங்க. ஆனா இவர் மாதிரித் தோற்க ஆளே கிடையாது. அப்படி ஒரு தெய்வீகத் தோல்வி!”

“இறக்கினா சோப்புதானே வருது!” என்றான் பிரேக். இன்னும் அவனுக்கு ஆறவில்லை.

“சோப்பும் நல்லாத்தான் சார் இருக்கும்.”

“அந்தச் சிவப்புச் சக்கரம் எதுக்கு?” என்றார் மேடம்.

மானேஜர் தலையைச் சொறிந்தார். “அது எங்க படத்துலயே கிடையாது. இவர்தான் வரையச் சொன்னாரு. வால்வு இல்லாம குழாயில கை வைக்க மாட்டேன்னுட்டாரு. ராணி வந்து கூஜாவுல தண்ணி பிடிக்கிறதும் இவர் கேட்டதுதான். ஏன்னு கேட்டா, இருக்கட்டும்னாரு. அதைவிட வேடிக்கை, எல்லா விளம்பரத்துக்கும் அஞ்சு விநாடியில எக்ஸ் வெச்சுடுவோம். இவர் முப்பது விநாடிக்கு எக்ஸே கூடாதுன்னு பிடிவாதம் பிடிச்சாரு. மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும், பழம் சேர்க்கிற விளையாட்டுல மட்டும்தான் போடணுமாம். அவ்வளவு நல்லாத் தோற்கிற மனுஷன் கேட்கறாரேன்னு செஞ்சு கொடுத்துட்டோம்.”

அக்காவின் கை அளவு நாடாவை இறுகப் பிடித்தது. “ரெண்டுல இருந்து மூணா? சாப்பிட்டுட்டு நான் விளையாடற நேரம் அது.”

“ஒளிஞ்சு திரியறாருன்னு நாம தேடினோம்” என்றார் மேடம். “அவர் என்னடான்னா மூணு மாசமா உங்க கைக்குள்ள வந்து நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரு.”

கடைசி அறை கண்ணாடி அறை. மேசை விளக்கின் கீழே, வலது கையில் வெள்ளை உறையோடு, ஒரு மெலிந்த மனிதர் ராஜாவை மூழ்கடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். விரல் அந்தரத்தில் நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ராஜா பிழைத்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். தொண்ணூறு கேள்வி வரிசையில் நிற்கிறது என்பது பிரேக்குக்கே தெரிந்தது. அதற்குள் மேடம் அவள் தோளில் கை வைத்தார்.

“அவருக்கு முப்பது விநாடி கொடுங்கம்மா. எக்ஸ் கிடையாது.”

அக்கா மேடத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அளவு நாடாவின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“நான்...” என்று ஆரம்பித்தார் பிளம்பர். பிரேக் வாட்சைப் பார்த்தான். நாலு விநாடி. “அன்னிக்கு... வால்வை...” பத்து விநாடி. அக்கா நாடாவை இன்னும் அழுத்திக் கடித்தாள். நாடா தாங்கியது. “மூடிட்டுத்தான்... போனேன். ரெண்டு தடவை... திருப்பினேன்.” பத்தொன்பது. பிரேக்கின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, அக்காவின் வாய்க்கும் சேர்த்து. “திரும்பி வந்தப்போ... தண்ணி தெளிக்கிற பாட்டில்... நிரம்பியிருந்தது.”

முப்பத்தொரு விநாடி.

நாடா வாயிலிருந்து நழுவி விழுந்தது. அக்காவின் கண்ணுக்குள் அந்த மத்தியானம் திரும்ப நடப்பதை மூன்று பேரும் பார்த்தார்கள். குட்டிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குனிந்தாள். சிவப்புச் சக்கரத்தைத் திருப்பினாள். பாட்டிலை நிரப்பினாள். பின்னறையில் குழாய் கழற்றிக் கிடக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிடக் கிளம்பிவிட்டாள்.

“கூஜா!” என்றான் பிரேக், தலையில் அடித்துக்கொண்டு. “பொய்யே பிழைப்பா இருக்கிற விளம்பரத்துல ஒரே ஒரு உண்மை நடந்து போயிருக்கு, நான் அதைக் கிண்டல் பண்ணியிருக்கேன்!”

“நான்தான்” என்றாள் அக்கா. “ஐயோ, நான்தாங்க திறந்தேன்! நானே திறந்துட்டு உங்களை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கேன். என்னங்க, நாலு பேர் பார்க்கிற விளம்பரத்துலயா சொல்வீங்க? நேர்ல சொல்லக்கூடாதா?”

பிளம்பர் யோசித்தார். “நேர்ல... நீ... மூடிடுவே.”

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. ஓடிப்போய் அவர் கையிலிருந்த வெள்ளை உறையைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளே இருந்தது பழைய விரல்தான், நகம் கோணின அதே விரல். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாசலில் மானேஜர் எட்டிப் பார்த்தார். “சார், அடுத்த ராஜாவுக்கு நேரமாச்சு...”

“ராஜாவுக்கு இன்னிக்கு லீவு” என்று பிரேக் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். கண்ணாடிக் கதவு. சாத்தினாலும் எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. அங்கேயே நின்றான். மேடமும் நின்றார். மேடம் மூக்கைத் துடைத்து அன்றுதான் பார்த்தேன் என்று பிரேக் பின்னால் எல்லோரிடமும் சொல்வான், மேடம் தூசி என்று சாதிப்பார்.

உள்ளே அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பையில் கைபேசி டிங்கு டிங்கு என்றது. எடுத்து அணைத்து உள்ளே போட்டாள்.

“இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?”

பிளம்பர் நெடுநேரம் யோசித்தார். “இருக்கு... பதினெட்டு வருஷத்துக்கு... இருக்கு.”

அக்கா மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“ஆரம்பிங்க” என்றாள்.